உயர்ந்த மீனும் இழிந்த மீனும்

ஓர் உயிரின் மதிப்பை அளக்கும் கோல் யாருடைய கையில் இருக்கிறது என்ற வினா தத்துவ நூல்களுக்கு மட்டும் உரியதன்று. அரசாங்கங்களின் கட்டளைகளிலும், சந்தையின் விலைப் பட்டியலிலும், ஓய்வு நாளில் மனிதர் ஆடும் விளையாட்டிலுங்கூட அது மறைந்து நிற்கிறது. ஐக்கிய அமெரிக்காவின் ஓடைகளிலே தூண்டில் போடுவோர் சிலரிடம் அண்மைக் காலத்திற் பரவிவரும் பழக்கம் ஒன்றை உரைகல்லாகக் கொண்டு அவ்வினாவை இங்கு ஆராய்வோம். விரலளவு மீன்களைப் பற்றிய பேச்சாகவே இது தொடங்கும். ஆயினும் உயர்வு தாழ்வு கற்பிக்கும் மனம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்துகொள்ள விரலளவு மீனே போதும்.

அந்நாட்டின் தென்கிழக்கில் உள்ள டென்னசி மாநிலம் மீன்வளத்திற் பெயர் பெற்றது. 300க்கு மேற்பட்ட நன்னீர் மீனினங்கள் அங்கு வாழ்கின்றன. சனவரி மாதத்து விடுமுறை நாளொன்றில் நண்பர் மூவரோ நால்வரோ சேர்ந்து சுண்ணக்கற் பிரதேசத்து ஓடை ஒன்றை நாடிச் செல்கின்றனர் என்று கொள்வோம். கரை மரங்கள் இலையுதிர்ந்து நிற்கும். ஓரத்து நீர் மெல்லிய பனிக்கட்டியாய் உறைந்திருக்கும். ஆனால், பாறையடியிலிருந்து ஊற்றெடுக்கும் நிலத்தடி நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரும்பாலும் மாறுவதில்லை. கோடையிற் குளிர்ந்திருக்கும் அந்நீர் குளிர்காலத்திற் சூழவுள்ள காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும். அத்தகைய இடங்களிலும் ஆழமான மடுக்களிலும் மீன்கள் ஒதுங்குகின்றன. நீரின் வெப்பத்தைப் பொறுத்தே மீனின் உடல் வெப்பமும் அமைவதால், குளிரில் அதன் உடலியக்கம் மந்தமடைகிறது. இரை தேடும் வேட்கையும் குறைகிறது. ஆகவே, நீண்ட இறப்பர்ச் சப்பாத்து அணிந்து நீரில் இறங்கும் அந்நண்பர்கள், மிகச் சிறிய முள்ளில் மண்புழுவின் துண்டொன்றைக் கோத்து, மீன் கிடக்கும் இடத்தருகே நெடுநேரம் பொறுமையோடு தாழ்த்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அவர்கள் தேடுவது பெரிய மீனை அன்று. கறிக்கான மீனையும் அன்று. ஒரே நாளில் இயன்ற அளவு பல்வேறு இனங்களைக் காண்பதே அவர்களது நோக்கம். அகப்பட்ட மீனை நீர் நிரம்பிய சிறு கண்ணாடிப் பெட்டியில் இடுகின்றனர்; செதிலையும் செட்டையையும் உற்று நோக்கி, இஃது எவ்வினம் என வாதிடுகின்றனர்; புகைப்படம் எடுத்தபின் ஓடையிலே விட்டுவிடுகின்றனர். வாழ்நாளிற் கண்ட இனங்களின் பெயர்களை ஒவ்வொருவரும் பட்டியலாக எழுதி வைக்கின்றனர். ஒருவர் இன்னும் காணாத இனத்தை மற்றவர் கண்டுவிட்டால், தாம் நின்ற இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்து விலகிக்கொள்வதும் உண்டு. பெரிய மீன் ஒன்றுக்காக ஒருவரோடொருவர் போட்டியிடும் பழைய விளையாட்டில் இத்தகைய தோழமைக்கு இடம் குறைவு.

அவ்வோடையில் அவர்கள் காணும் மீன்கள் யாவை? கல்லுருட்டி எனப் பொருள்படும் பெயர் கொண்ட சிறுமீன் ஒன்று. கீழுதட்டின் கெட்டியான விளிம்பினாற் கற்களிற் படிந்த பாசியைச் சுரண்டி உண்பது. உறிஞ்சுவாய் மீன்களுள் ஒன்று பன்றியைப்போல மூக்கினாற் கற்களைப் புரட்டுகிறது. அது கிளப்பிவிடும் பூச்சிகளை உண்பதற்காகப் பிற மீன்கள் அதன் பின்னே செல்கின்றன. டார்ட்டர் எனும் மீன்கள் பெரும்பாலும் விரல் நீளத்தைத் தாண்டாதவை. தரையை ஒட்டிக் கல்லுக்குக் கல் தாவி வாழ்பவை. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த சப் எனும் மீனினங்கள் சிலவற்றில், வசந்தம் வந்ததும் ஆண்மீன் ஆயிரக்கணக்கான கூழாங்கற்களைத் தன் வாயினாற் சுமந்து நீரடியில் ஒரு மேடு கட்டுகிறது. அம்மேட்டிலே வேறு பல இனங்களும் வந்து முட்டையிடுகின்றன. தன் குஞ்சுக்காகக் கட்டிய வீட்டிலே அயலாரின் குஞ்சுகளும் பிழைக்கின்றன.

இம்மீன்களை அமெரிக்கத் தூண்டிற் கலாசாரம் நெடுங்காலம் எவ்வாறு அழைத்தது? ‘முரட்டு மீன்’ என்றும், இன்னும் இழிவாகக் ‘குப்பை மீன்’ என்றும் அழைத்தது. ட்ரவுட்டும் சால்மனும் பாஸும் ‘விளையாட்டு மீன்’ எனும் உயர்குலத்தைச் சேர்ந்தன. அவற்றுக்குச் சட்டத்தின் காவல் இருந்தது. அவற்றைப் பெருக்க அரசாங்கச் செலவில் முட்டை பொரிக்கும் நிலையங்கள் இருந்தன. எஞ்சியவை கரையில் எறியப்பட்டன. ஓய்வும் வசதியும் படைத்த கனவான்கள் தமது பொழுதுபோக்குக்கு உகந்தது எது என்று வகுத்த அளவுகோலே பொது அளவுகோலாயிற்று. தென் மாநிலங்களின் கறுப்பின மக்களும் பிற ஏழை மக்களும் சட்டியிலே காய்ச்சி உண்ட ‘பஃபலோ’ எனும் உறிஞ்சுவாய் மீனும் பிறவும் இழிந்தோரின் உணவாதலால் இழிந்த மீனாயின. இங்கே மீனின் தரத்தையும் மனிதரின் தரத்தையும் ஒரே மனமே நிர்ணயிக்கிறது.

இவ்வளவுகோல் இயற்கையில் உள்ளதன்று என்பதற்குக் கார்ப் மீனின் கதை ஒன்றே சான்றாகும். 1877 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தின் மீன் ஆணைக்குழு ஜெர்மனியிலிருந்து கார்ப் மீன்களை வருவித்தது. மக்களுக்குச் சிறந்த உணவெனப் போற்றி, தலைநகரான வாஷிங்டனிலேயே குளம் அமைத்து வளர்த்து, நாடெங்கும் வழங்கியது. சில பத்தாண்டுகளுக்குள் அதே மீன் நீரைக் கலக்கும் குப்பை எனப் பழிக்கப்பட்டது. கப்பலில் வந்த கார்ப் தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை. அதனை வரவேற்றோரின் தேவைகளே மாறின.

ஏளனச் சொல் கொலைக் கருவியாகவும் மாறவல்லது. 1962 ஆம் ஆண்டு செப்டெம்பரில், வயோமிங் மாநிலத்திலிருந்து ஓடிவரும் கிரீன் நதியிலும் அதன் கிளைகளிலும் ஏறத்தாழ 700 கிலோமீற்றர் நீளத்துக்கு ரோட்டனோன் எனும் நஞ்சை அரசாங்க அலுவலர்கள் கலந்தனர். ஃபிளேமிங் கோர்ஜ் எனும் இடத்தில் அணை எழுந்துகொண்டிருந்தது. அவ்வணை உருவாக்கும் ஏரியில் வானவில் ட்ரவுட்டை விட்டு வளர்ப்பதற்கு முன்னர், அங்கிருந்த ‘குப்பை மீன்களை’ ஒழித்துவிட வேண்டும் என்பதே திட்டம். மீனியல் அறிஞர்கள் சிலர் எழுப்பிய எதிர்ப்பு எடுபடவில்லை. கீழ்நோக்கிச் சென்ற நஞ்சை இடைவழியில் முறிப்பதற்குச் செய்த ஏற்பாடும் முற்றாகப் பலிக்கவில்லை. அது தேசிய பாதுகாப்பு நிலம் ஒன்றினுள்ளும் புகுந்தது. அந்நதியிலே தோன்றி, அந்நதியின் கலங்கலுக்கும் வெள்ளத்துக்கும் ஏற்ப உடலமைந்த மீன்கள் தொன்தொன்னாக மடிந்தன. 1967 ஆம் ஆண்டில் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் முதற் பட்டியலை அதே அரசாங்கம் வெளியிட்டபோது, அந்நதித் தொகுதிக்கே உரிய மீன்கள் இரண்டு அதில் இடம்பெற்றன. ஐந்து ஆண்டுகளுக்குள் குப்பை பொக்கிஷமாயிற்று.

அவ்விரு மீன்களுள் ஒன்றின் பழைய பெயரை இங்கு ஆராய்வது பயனுடையது. முன்னொரு காலத்தில் ஏறத்தாழ ஆறு அடி நீளம் வரை வளர்ந்ததாகக் கூறப்படும் அம்மீனுக்கு, அமெரிக்க ஆதிக்குடிப் பெண்களை இழித்துரைக்கும் ‘ஸ்குவா’ எனும் சொல்லைச் சேர்த்தே வெள்ளையர் பெயரிட்டிருந்தனர். மீனியற் சங்கத்தார் 1998 ஆம் ஆண்டிலேதான் அப்பெயரை நீக்கி, கொலராடோ பைக்மின்னோ எனும் பெயரை அளித்தனர். ஒரு பெண்ணையும் ஒரு மீனையும் ஒரே சொல்லால் இகழ்ந்தவர்கள், நிலத்தையும் நீரையும் அவ்விருவரிடமிருந்தும் பறித்துக்கொண்டவர்கள் என்பது தற்செயலன்று.

இதற்கு நேர்மாறான பார்வையும் அந்நாட்டிலே இருந்துவந்தது. நெவாடாவின் பிரமிட் ஏரிக் கரையில் வாழும் பையூட் மக்கள், அவ்வேரியில் மட்டுமே வாழும் குயூய் எனும் உறிஞ்சுவாய் மீனின் பெயராலேயே தம்மை அழைத்துக்கொண்டனர். ‘குயூய் உண்போர்’ என்பது அப்பெயரின் பொருள். விளையாட்டுக் கனவானின் பட்டியலிற் கடைக்கோடியில் நின்றிருக்கக்கூடிய மீன், ஒரு மக்கட் கூட்டத்தின் அடையாளமாக இருந்தது. 1905 ஆம் ஆண்டில் டெர்பி அணை எழுந்து, ஏரிக்கு வரும் நதியின் நீர் வயல்களுக்குத் திருப்பப்பட்டது. ஏரி தாழ்ந்தது, முட்டையிடுவதற்கு நதியில் ஏறும் வழியை மீன் இழந்தது. மீன் அருகியபோது அம்மக்களின் வாழ்வும் பெயரும் ஒருங்கே ஆட்டங்கண்டன.

இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நமது மலைநாட்டிலே கோப்பி அழிந்து தேயிலை தலையெடுத்த 1880-களிலேயே பிரித்தானியத் துரைமார் ட்ரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலில் வருவித்து நுவரெலியாப் பகுதி ஓடைகளில் வளர்க்க முனைந்தனர். பின்னர் வடஅமெரிக்காவின் மேற்குக் கரைக்குரிய வானவில் ட்ரவுட்டும் ஹோர்ட்டன் சமவெளியை வந்தடைந்தது. கழகமும் அனுமதிச் சீட்டும் அம்மீன்பிடிப்புக்குக் காவலாயின. அருகிலுள்ள சரிவுகளிற் கொழுந்து பறித்த தொழிலாளியின் சட்டியை எண்ணி அம்மீன் வளர்க்கப்படவில்லை. வயோமிங்கிலும் நுவரெலியாவிலும் ஓடிய நீர் வேறு. அந்நீரை நோக்கிய கண் ஏறத்தாழ ஒன்றே.

இப்பின்னணியிற் பார்க்கும்போது, குளிர்கால ஓடையில் நின்று விரலளவு மீனின் பெயருக்காக வாதிடும் நண்பர்களின் செயல் வெறும் விந்தையன்று என்பது புலனாகும். கனவானின் குலவரிசையை அவர்கள் ஏற்க மறுக்கின்றனர். ட்ரவுட்டுக்கும் கல்லுருட்டிக்கும் அவர்களது பட்டியலில் ஒரே ஒரு வரிதான். இப்பார்வை இன்று சட்டத்தின் வாசலையும் எட்டியிருக்கிறது. பஃபலோ மீனின் ஓரினம் 112 ஆண்டுகள் வரை உயிர்வாழ்வது 2019 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றினால் தெரியவந்தது. முதலாம் உலக யுத்தத்துக்கு முன்னர் பொரித்த மீன்கள், இரவில் விளக்கொளியில் அம்பெய்து கொன்று குவிக்கப்படும் பொருளாக இருந்துவந்தன. 2024 ஆம் ஆண்டில் மின்னசோட்டா மாநிலம் அத்தகைய சுதேச மீன்களை, ஊறு விளைக்கும் அயல்நாட்டுக் கார்ப் இனங்களிலிருந்து சட்டத்திற் பிரித்து வகைப்படுத்தியது. பார்க்கப் பழகிய கண்களே இம்மாற்றத்துக்கு வழிசெய்தன.

ஆயினும் நமது வினா இத்துடன் முடிந்துவிடவில்லை. உண்மையில் இங்கேதான் அது கடுமையாகிறது. எல்லா மீன்களையும் சமமாக மதிக்கிறோம் என்போர் எல்லா மீன்களின் வாயிலும் சமமாக முள்ளை ஏற்றுகின்றனர். இது சமத்துவமாகுமா?

மீனின் வேதனை குறித்து அறிவியல் இன்னும் ஒருமுகப்படவில்லை. 2003 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தில் ஆய்வு நடத்தியோர், வானவில் ட்ரவுட்டின் முகத்திலும் உதட்டிலும் ஊறு உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினர். எரிச்சலூட்டும் பொருள் உதட்டிற் செலுத்தப்பட்ட மீன்கள் உதட்டைக் கற்களில் உராய்ந்தன. நெடுநேரம் இரை தீண்டவில்லை. மனித மூளையின் புறணியை ஒத்த பகுதி மீனுக்கு இல்லாமையால் அது நோவை நோவாக உணர்வதில்லை என வாதிடுவோரும் உளர். சுவிற்சர்லாந்து இவ்வாதம் முடியும்வரை காத்திருக்கவில்லை. 2008 ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு ஒழுங்குவிதியினால், பிடித்துத் திரும்ப விடும் நோக்கத்தோடு தூண்டில் போடுவதை அது தடைசெய்தது. உண்பதற்குப் பிடிப்பவனுக்குக் காரணம் உண்டு. விளையாட்டுக்காகத் துன்புறுத்தி விடுபவனுக்குக் காரணம் என்ன என்பதே அச்சட்டத்தின் கேள்வி.

இக்கேள்விக்கு இரு எளிய விடைகள் வழங்கப்படுவதுண்டு. பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவது இயற்கை. நாம் செய்வதும் அதுவே என்பது முதல் விடை. இது விடையன்று. வலியோன் எளியோனை விழுங்குவதே இயற்கை நியதி என்ற வாதத்தை முதலாளியும் ஏகாதிபத்தியவாதியும் நெடுங்காலமாகப் பேசிவந்திருக்கின்றனர். மீனுக்கு ஒரு நியாயம், மனிதனுக்கு ஒரு நியாயம் என அதனைப் பிரித்து வைத்துக்கொள்ள முடியாது. சிந்திக்கும் ஆற்றலினால் தன் செயலுக்குப் பொறுப்பேற்பவன் மனிதன்.

ஓடைப் பக்கமே போகாதிருப்பதுதான் அறம் என்பது இரண்டாவது விடை. இது தூயதாகத் தோன்றினும் முழுமையானதன்று. மற்றுமொரு குளிர்கால நாளை நினைவுகூர்வோம். 2008 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் திகதி அதிகாலையில், டென்னசி மாநிலத்தின் கிங்ஸ்டன் அனல் மின்நிலையத்தில் நிலக்கரிச் சாம்பலைத் தேக்கிவைத்த அணைக்கரை உடைந்தது. நாற்பது இலட்சம் கனமீற்றருக்கு மேற்பட்ட சாம்பற் சேறு எமரி நதியையும் கரையோர வீடுகளையும் மூடிற்று. சேற்றை அகற்றிய தொழிலாளர் பலர் பின்னர் நோயுற்று, நியாயம் கேட்டு நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. அம்மின்சாரத்தில் விளக்கேற்றியவர்கள் யாவரும் தூண்டிலைத் தொட்டவர்கள் அல்லர். ஒரு முள்ளும் ஏற்றாமலே ஒரு நதியின் மீன்கள் அனைத்தையும் கொல்லும் அமைப்பிலே நாம் வாழ்கிறோம். கையைக் கழுவிக்கொள்வதனால் மட்டும் அவ்வமைப்பின் பங்காளி என்ற நிலையிலிருந்து ஒருவன் விடுபடுவதில்லை.

அப்படியாயின் தூண்டிற்காரன் குற்றமற்றவனா? அன்று. ‘நான் அறிவதற்காகவே பிடிக்கிறேன்’ என அவன் கூறுவானாயின், அறிவதற்குத் தூண்டில் இன்றியமையாததா என்று அவனைக் கேட்கலாம். 1973 ஆம் ஆண்டில் டேவிட் எற்னியர் எனும் விலங்கியற் பேராசிரியர், லிட்டில் டென்னசி நதியில் முகமூடி அணிந்து மூழ்கிப் பார்த்தபோதே நத்தை டார்ட்டர் எனும் சிறுமீனைக் கண்டார். அவர் கையில் தூண்டில் இருக்கவில்லை. ஆதலால், நூலின் முனையில் உயிரொன்று துடிக்கும்போது கையிலே ஏறும் இன்பமும் தன் நோக்கங்களுள் ஒன்று எனத் தூண்டிற்காரன் ஒப்புக்கொள்ளவேண்டும். இன்பம் பாவமன்று. ஆனால் மற்றோர் உயிரின் அச்சத்திலிருந்து பெறும் இன்பம் கணக்குக் காட்டவேண்டிய இன்பமாகும். பட்டியலின் நீளத்திலே பெருமை கொள்பவன், பெரிய மீனின் நிறையிலே பெருமை கொண்ட பழைய கனவானிலிருந்து அதிக தூரம் வந்துவிடவில்லை. அவன் பொருள் சேர்த்தான். இவன் பெயர் சேர்க்கிறான்.

அக்கணக்கை எவ்வாறு காட்டுவது? எற்னியர் கண்ட மீனின் பிற்கதை இதற்கு வழிகாட்டுகிறது. அந்நதியின் குறுக்கே ரெலிக்கோ அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. நிலம் பறிக்கப்பட்ட விவசாயக் குடும்பங்களும், மூதாதையரின் ஊர்கள் மூழ்கப்போவதைக் கண்ட செரோக்கி மக்களும் எதிர்த்துக் குரலெழுப்பியும் அணை வேலை நிற்கவில்லை. ஒரு சிறுமீனின் பெயர் தெரிந்திருந்தமையால் வழக்கு அதியுயர் நீதிமன்றம் வரை சென்றது. 1978 ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் மீனின் பக்கமே தீர்ப்பளித்தது. மறு ஆண்டில் காங்கிரஸ் அவ்வணைக்குச் சட்டத்திலிருந்து விலக்களித்தது. 1979 நவம்பரில் மதகுகள் மூடப்பட்டன. வேறு ஆறுகளுக்கு மாற்றப்பட்டும், பிறவிடங்களிற் கண்டறியப்பட்டும் அம்மீன் பிழைத்து, 2022 ஆம் ஆண்டில் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அது தனியினமே அன்று என 2025 ஆம் ஆண்டில் ஆய்வாளர் சிலர் வாதிட்டனர். அவ்வாதம் எவ்வாறு முடியினும், விவசாயியின் குரலுக்குச் செவிசாய்க்காத அரசாங்கத்தை விரலளவு மீன் சில ஆண்டுகள் தடுத்து நிறுத்தியது என்பது வரலாறு. ஓடையின் உயிரும் ஓடைக்கரை மக்களின் வாழ்வும் ஒரே வழக்கின் இரு பக்கங்கள் என்பதை அது உணர்த்தியது.

ஆகவே, பெயரறிதல் என்பது முடிவன்று. அது ஒரு கடமையின் தொடக்கம். பார்த்து, பெயர் சொல்லி, புகைப்படம் எடுத்து விடப்பட்ட ஒவ்வொரு மீனும் அம்மனிதனுக்குக் கடன் கொடுத்த உயிராகும். அவனது பட்டியல் வெற்றிகளின் வரிசையாக இருக்குமாயின் அது செருக்கின் ஏடு. கடன்களின் வரிசையாக இருக்குமாயின் அது அறத்தின் ஏடு. அக்கடன் சிறு செயல்களிலிருந்து ஆரம்பிக்கிறது: முள்ளின் எதிர்க்கொக்கியை மழுக்கிவிடுதல், உறைபனிக் காற்றிலே மீனின் பூ உறையாதவாறு அதனை நீருக்குள்ளேயே வைத்திருத்தல், முட்டையிடும் காலத்தில் ஒதுங்கி நிற்றல், முகமூடி போதுமான இடத்திலே தூண்டிலைக் கீழே வைத்தல். ஆனால் அது அங்கே முடிவதில்லை. ஓடையின் மேற்புறத்தில் யார் மண்ணை வெட்டுகிறார், யார் சாம்பலைக் கொட்டுகிறார், யார் நீரைத் திருப்புகிறார் என்று கேட்கவும், அதனாற் பாதிக்கப்படும் கரையோர மக்களோடு சேர்ந்து நிற்கவும் அது அவனைப் பணிக்கிறது. இனங்களை எண்ணத் தெரிந்த நண்பர் நால்வர், ஓர் ஓடையில் சென்ற ஆண்டு இருந்து இவ்வாண்டு இல்லாமற்போனது எது என்பதையும் சொல்லத் தெரிந்த சாட்சிகள் ஆவர். சாட்சி வாய் திறக்கவேண்டும்.

தாழ்ந்தது எனப் பெயரிடப்பட்டதை மீண்டும் உற்றுப் பார்ப்பதே முற்போக்குச் சிந்தனையின் முதற்படி. மனித சமுதாயத்தில் அதனைச் செய்யத் துணிந்தவர்கள் சாதியின் பொய்மையையும் நிறவெறியின் பொய்மையையும் கண்டனர். ஆனால் உற்றுப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடிக்கொள்பவன் வேடிக்கை பார்ப்பவனே அன்றித் தோழன் அல்லன். நசுக்கப்பட்ட மனிதனைப் பற்றி நாம் எந்த நியதியை ஏற்கிறோமோ அதே நியதியை, வாய்பேசாத அக்கல்லுருட்டி மீனுக்கும் அது வாழும் நீருக்கும் விரிக்கும் கடப்பாடு நம்மைச் சார்ந்தது. அளவுகோலைக் கையில் வைத்திருப்பவரிடமிருந்து அதனை வாங்கி, எல்லாரும் எல்லாமும் வாழ்வதற்கு எது வேண்டும் என்று அளக்கத் தொடங்கும் நாளிலேதான் உயர்ந்த மீன், இழிந்த மீன் என்ற பேச்சு ஓயும்.